தானாகத் திரும்பாத நடை

முழங்கால் லிகமென்ட் கிழிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு விளையாட்டு வீரரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "இனி எப்ப விளையாடலாம்?" வீட்டாரும் கேட்கிறார்கள், பயிற்றுநரும் கேட்கிறார், கூட விளையாடிய பிள்ளைகளும் கேட்கிறார்கள். "ஒருக்கா நடந்து காட்டு, பார்ப்பம்" என்று சொல்கிறவர் அரிது. ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டால் நடை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். நொண்டாமல் நடந்தால் கால் குணமாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். இரண்டுமே அவசர முடிவுகள் என்பதைக் கடந்த முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டி வந்திருக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நடை தானாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. அதைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், பழக்க வேண்டும். களத்துக்குத் திரும்பலாமா என்ற முடிவில் நாட்காட்டிக்குக் கொடுக்கும் இடத்தை நடைக்கும் கொடுக்க வேண்டும். இதற்குப் பெருநகரத்து ஆய்வுகூடம் தேவையில்லை, உக்குவளை போன்ற ஒரு மலையகச் சிற்றூரிலேயே செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அறுவது எது என்று பார்ப்போம். தொடை எலும்பின் கீழ்முனையையும் கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையையும் முழங்காலுக்குள்ளே குறுக்காகப் பிணைக்கும் இரண்டு நார்களில் முன்னால் உள்ளதை வைத்தியர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். நீளம் மூன்று சென்டிமீற்றருக்குச் சற்றுக் கூட, அகலம் ஒரு சென்டிமீற்றர் அளவு. கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு வேலையும் உண்டு. இந்த நாருக்குள் உணர்நரம்பு முனைகள் இருக்கின்றன. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்ற சேதியை மூளைக்கு அனுப்பும் உறுப்புகளில் இதுவும் ஒன்று. ஆகவே ஏ.சி.எல். அறுந்தால் கயிறு ஒன்று மட்டும் போவதில்லை, சேதி வரும் வழி ஒன்றும் போய்விடுகிறது. பிற்பாடு நடை ஏன் குழம்புகிறது என்பதற்கு இது முக்கியமான துப்பு.

இந்த நார் அறுவதற்குப் பெரிய மோதல் தேவையில்லை. பத்தில் ஏழு ஏ.சி.எல். காயங்கள் யாரும் மேலே வந்து விழாமல், குதித்துத் தரையிறங்கும்போதோ ஓட்டத்தில் திடீரென்று திரும்பும்போதோ நேர்கின்றன. நமது இலங்கையில் 1991 முதல் தேசிய விளையாட்டாக இருப்பது கரப்பந்தாட்டம். வலைக்கு மேலே எழும்பி அடித்துவிட்டு ஒற்றைக்காலில் இறங்குவது அதில் நிமிடத்துக்கு நிமிடம் நடப்பது. பெண் பிள்ளைகள் விரும்பி ஆடும் வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்த இடத்திலேயே நின்றாக வேண்டும் என்பது விதி. ஓடி வந்த வேகம் முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாடசாலை அணிகளின் நிலைமை விளங்கும். "டக்" என்று உள்ளே ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல வீங்குதல், அடுத்த வாரம் வீக்கம் வற்றியதும் "நல்லாயிட்டுது" என்ற எண்ணம், திரும்பவும் ஆடப்போய் முழங்கால் நழுவுதல் என்று வழமையான ஒழுங்கில் இது போகும். ஊரில் பலர் இதைச் சுளுக்கு என்று எண்ணி முறிவு நெறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொள்கிறார்கள். எலும்பு முறிவில் அந்த வைத்தியத்தின் மீது எவ்வளவு நம்பிக்கை வைத்தாலும், மூட்டுக்குள் முழுதாக அறுந்துபோன நாரை நீவிச் சேர்க்க முடியாது.

சத்திரசிகிச்சையில் அறுந்த நாரைத் தைப்பது வழக்கமில்லை. பின்தொடையிலிருந்தோ, முழங்கால் சிரட்டைக்குக் கீழிருந்தோ, மேலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, பழைய நார் இருந்த பாதையில் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்றுதான் அது பலமாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு அதன் உயிரணுக்கள் மடிகின்றன, புது இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்கின்றன, மெல்ல மெல்ல அது நாராக உருமாறுகிறது. ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒட்டுநார் மிகவும் நொய்மையாக இருக்கும். நோவு குறைந்து, ஊன்றுகோலை விட்டு, "இனி ஓடலாம்போல" என்று வீரருக்குத் தோன்றுவதும் அதே காலத்தில்தான். உருமாற்றம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் செல்லும்.

இனி ஓர் அடியை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். நலமான ஒருவர் நடக்கும்போது குதி தரையைத் தொடும் கணத்தில் முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும். உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறும் அடுத்த கணத்தில், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடிய நேரத்துக்குள், முழங்கால் 15 முதல் 20 பாகை வரை மடங்கிக் கொடுக்கும். முன்தொடைத் தசை நீண்டபடியே அந்த மடிப்பைப் பிடித்து நிறுத்தும். பிறகு கால் நிமிர்ந்து, உடம்பு அதன் மேலாகக் கடந்து செல்லும். பாதம் தரையை விட்டதும் முழங்கால் 60 பாகை அளவு மடங்கி முன்னே வீசப்படும். இந்த வரிசையில் முதலில் வருகிற அந்தச் சின்ன மடிப்புத்தான் அதிர்ச்சியை உள்வாங்குவது. ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்த காலில் பெரும்பாலும் காணாமற்போவதும் அதுவே. குதி பட்டதும் மடங்கிக் கொடுக்காமல் முழங்காலை இறுக்கிப் பிடித்தபடி பாரத்தை ஏற்கிறார்கள். முன்தொடைத் தசையும் பின்தொடைத் தசையும் ஒரே நேரத்தில் இழுத்து மூட்டைப் பூட்டி வைக்கின்றன. குறைவது ஐந்து பாகை, ஏழு பாகை என்ற அளவில் இருக்கும். பக்கத்தில் நடந்து வருகிறவரின் கண்ணுக்கு அது படாது. நொண்டல் போய்விட்டது, ஆனால் நடை மாறியே இருக்கிறது.

இதைக் கருவியால் அளந்து எழுதிய முன்னோடி ஆய்வு 1990இல் அமெரிக்காவில் வெளியானது. பேர்ச்சக், அன்ட்ரியாக்கி முதலானோர், ஏ.சி.எல். அறுந்து சத்திரசிகிச்சை செய்யாத 16 பேரை நடக்கவைத்து அளந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முன்தொடைத் தசையை வேலைக்கு விடாமல் ஒதுக்கி நடந்தார்கள். முன்தொடைத் தசை இழுத்தால் கீழ்க்கால் முன்னே நழுவும், அதைத் தடுக்க நார் இல்லை, ஆகவே உடம்பு அந்தத் தசையை அடக்கி வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அப்படியானால் புதிய நார் பொருத்திய பிறகு இந்த ஒதுக்கல் போய்விட வேண்டும். பலரிடம் அது முழுதாகப் போகவில்லை என்பதுதான் பின்வந்த ஆய்வுகள் கண்டது. ஆறு மாதம், ஒரு வருடம், சிலரிடம் இரண்டு வருடம் கழித்தும் பாரம் ஏற்கும் கணத்து மடிப்பு மற்றக் காலைவிடக் குறைவாகவே இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று வீக்கம். காயமே இல்லாத நல்ல முழங்காலுக்குள் ஊசியால் உப்புநீர் ஏற்றிப் பார்த்த ஆய்வொன்று 1984இல் வெளியானது. 20 முதல் 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கு மிகாத நீர், உள்ளே போனதுமே முன்தொடைத் தசையின் உட்புறப் பகுதி சோர்ந்தது. 50, 60 மில்லிலீற்றரில் மற்றப் பகுதிகளும் சோர்ந்தன. அங்கே நோவு பெரிதாக இல்லை, காயமும் இல்லை. மூட்டுக்குள் நீர் நிறைகிறது என்ற சேதி போனதும் முதுகுத்தண்டு மட்டத்திலேயே தசைக்குத் தடை விழுகிறது. இது மன உறுதியால் தாண்டக்கூடிய தடை இல்லை. "பயப்படாமல் காலை ஊன்று" என்று பிள்ளையை அதட்டுகிற பெரியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது பதில் மூளையில் இருக்கிறது. ஒட்டுநாரில் பழைய உணர்நரம்புகள் அப்படியே திரும்புவதில்லை. முழங்காலை அசைக்கும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள், சத்திரசிகிச்சை செய்தவர்களிடம் பார்வையோடு தொடர்புடைய பகுதிகள் அதிகமாக வேலை செய்வதைக் கண்டிருக்கின்றன. உள்ளிருந்து வரவேண்டிய சேதி குறைந்ததால் கண்ணை நம்பிக் காலை நகர்த்துகிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். நடைபாதையில் இது பெரிய குறையாகத் தெரியாது. கண் பந்தின் மேலும் எதிரணியின் மேலும் இருக்கும்போது காலைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தசைப் பலம் திரும்பினால் நடை தானே சீராகிவிடாதா, பிசியோதெரபியில் முன்தொடைப் பயிற்சி கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். பலம் இல்லாமல் நடை சீராகாது என்பது உண்மை. ஆனால் பலம் வந்தாலே நடை சீராகிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் லின் ஸ்னைடர்-மக்லரின் குழு நடத்திய பயிற்சி ஆய்வொன்றில் பலப்பயிற்சி, வேகப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தும் நடையில் இருந்த ஏற்றத்தாழ்வு தீரவில்லை. உடம்பு ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது, தசை தேறிய பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது. அடி வைக்கும்போதே முழங்காலின் மடிப்பைத் திரையில் காட்டி, ஒலியால் உணர்த்தி, "இன்னும் கொஞ்சம் மடி" என்று சொல்லிப் பழக்கினால் அந்த அமர்விலேயே நடை மாறுகிறது என்று வேறு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிலைக்குமா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. என்றாலும் நடையைத் திருத்த நடையையே பயிற்ற வேண்டும் என்ற திசையை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

அடுத்த மறுப்பு இதைவிடக் கூர்மையானது. உடம்பு காரணத்தோடுதான் காலை இறுக்கிப் பிடிக்கிறது, பாரத்தைக் குறைக்கிறது, அது ஒட்டுநாருக்குக் காப்புத்தானே, அதைப் போய் ஏன் குலைக்க வேண்டும்? முதல் சில வாரங்களுக்கு இந்த வாதம் சரி. அதற்குப் பிறகு பொருந்தாது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை முழங்காலில் விழுகிறது. மூட்டின் குருத்தெலும்பு அந்த விசைக்குப் பழகி வளர்ந்தது. அதற்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வருவதுதான் அதற்கு ஊட்டம் போகும் வழி. பாரம் குறைந்துபோன குருத்தெலும்பு செழிப்பதில்லை. டெலவெயார் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு ஆறு மாதத்தின் பின் காயப்பட்ட முழங்காலின் உட்பக்கத்தில் யார் குறைவான பாரம் ஏற்றி நடந்தார்களோ அவர்களிடமே ஐந்தாம் ஆண்டில் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் எக்ஸ்ரேயில் தென்பட்டன. சிறிய ஆய்வுதான், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அது நிறுவிவிடவும் இல்லை. ஆனால் அதிக பாரம்தான் மூட்டைத் தேய்க்கும், காலை ஒதுக்கி நடப்பதால் தீங்கில்லை என்ற நம் பொதுப் புத்தியை அது தலைகீழாக்குகிறது.

மூட்டுத் தேய்வு என்றதும் அறுபது வயதுப் பாட்டியை நினைக்கிறோம். சுவீடனில் ஏ.சி.எல். அறுந்த பெண் கால்பந்து வீராங்கனைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் சராசரி வயது 31. படம் எடுத்தவர்களில் 51 விழுக்காட்டினருக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. சத்திரசிகிச்சை செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. இந்த எண்ணை மலைநாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்டி–மாத்தளை ரயில் பாதையில் வத்தேகமையைத் தாண்டி, மாத்தளைக்குச் சற்று முன்னே இருக்கிறது உக்குவளை. வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறுவதும் வீட்டிலிருந்து பாடசாலைக்கு இறங்குவதும் அன்றாடம். தோட்டத்து லயத்துக்குப் போகிறவர்களுக்குப் படிக்கட்டும் சரிவும்தான் பாதை. பதினேழு வயதில் அணிக்காக முழங்காலைக் கொடுத்த ஒரு பெண், முப்பத்தொரு வயதில் கைக்குழந்தையோடும் அரிசிப் பையோடும் அந்தப் படிகளில் இறங்க வேண்டியிருக்கும். அவளுடைய நடைக்கு இன்று யார் பொறுப்பு என்று கேட்பதில் மிகைப்படுத்தல் ஒன்றும் இல்லை.

பெரிய வீரர்கள் சீக்கிரமே திரும்பி வந்து சாதிக்கவில்லையா என்பார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீற்றர்சனுக்கு 2011 டிசம்பரில் ஏ.சி.எல். அறுந்தது. 2012 செப்டெம்பரில் களத்தில் இருந்தார், அந்தப் பருவத்தில் 2,097 யார் தூரம் ஓடினார். மறுக்க முடியாத சாதனை. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தது நாள் முழுவதும் அவரது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழு. நமக்கு இன்னும் நெருக்கமான கதை இந்தியக் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த்தினுடையது. 2022 டிசம்பர் 30 அதிகாலை ரூர்க்கி அருகே அவரது கார் விபத்துக்குள்ளானது. வலது முழங்காலில் ஒன்றுக்கு மேற்பட்ட லிகமென்ட்கள் சேதம், 2023 ஜனவரியில் மும்பையில் சத்திரசிகிச்சை. சாதாரண ஏ.சி.எல். காயத்தைவிட அது மிகக் கடுமையானது, ஆகவே அவருடைய கால அளவை மற்றவர்களுக்குப் பொருத்த முடியாது. கவனிக்க வேண்டியது வரிசையை. பெப்ரவரியில் அவர் வெளியிட்ட படங்களில் ஊன்றுகோல்களோடு ஓர் அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மே மாதத்தில் ஊன்றுகோலை வீசிவிட்டு நடந்தார். அதன் பிறகும் பெங்களூர் தேசிய கிரிக்கெட் அக்கடமியில் பத்து மாதம். 14 மாத மறுவாழ்வுக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் கிரிக்கெட் சபை அவரைத் தகுதியானவர் என்று அறிவித்தது. அந்தச் செப்டெம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 109 ஓட்டங்கள் எடுத்தார். ஊன்றுகோலை விட்ட நாளுக்கும் மட்டையைப் பிடித்து ஆட்டத்துக்கு வந்த நாளுக்கும் இடையில் கிடந்த அந்தப் பத்து மாதம்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காமற் போவது.

திரும்பி வந்தவர்களின் கதையும் எப்போதும் நேர்கோடாக இல்லை. ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு 2017இல் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை நடந்தது. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் தங்கம் வென்றார். அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முழங்கால் மறுபடி தொல்லை கொடுத்தது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2016 ரியோவில் முழங்கால் சேதமாகித் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டவர். 2018இல் பொதுநலவாய விளையாட்டிலும் ஆசிய விளையாட்டிலும் தங்கம் வென்றார். 2023 ஓகஸ்டில் இடது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்து ஹாங்ஜோ ஆசிய விளையாட்டை விட்டுவிட நேர்ந்தது. இவர்களின் மன உறுதியில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. செய்தித்தாளுக்கு வரும் வெற்றிகளை வைத்துச் சராசரியைக் கணிக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் கணக்கிட்டபோது, ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்தவர்களில் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர் 81 விழுக்காடு, பழைய தரத்துக்குத் திரும்பியவர் 65 விழுக்காடு, போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர் 55 விழுக்காடு மட்டுமே.

ஒரு மறுப்பின் முன்னால் மட்டும் எனக்குத் தயக்கம் வருகிறது. பாடசாலை விளையாட்டுக்கு வயது எல்லை உண்டு. இந்த வருடம் விட்டால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடம் அணியே இல்லை. மாகாண மட்டத்தில் ஆடிய சான்றிதழ் சிலருக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ வழி. அதை அலட்சியமாகத் தள்ளிவிட எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் ஒஸ்லோ, டெலவெயார் ஆய்வாளர்கள் சேர்ந்து 106 பேரைத் தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இந்தத் தராசின் மறுதட்டில் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பதாவது மாதம் வரை திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பலத்திலும் பாய்ச்சலிலும் வைத்த தேர்வுகளில் தேறித் திரும்பியவர்களில் மறுகாயம் கண்டவர் 5.6 விழுக்காடு. தேறாமலே திரும்பியவர்களில் 38.2 விழுக்காடு. ஐந்தாவது மாதத்தில் ஆடவிட்டு அந்தப் பருவத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிற பயிற்றுநர், பெரும்பாலும் அந்தப் பருவத்தையும் அடுத்த காலத்தையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இந்த எண்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதன் பின் அவர்கள் எடுக்கும் முடிவு அவர்களுடையது.

எல்லாருக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமா என்றால், இல்லை. சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு கத்தி என்ற வழியில் போனவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் இரண்டு ஆண்டுவரை கத்தியே இல்லாமல் சமாளித்தார்கள். உடனே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் நிலையும் இந்த வழியில் போனவர்களின் நிலையும் ஒத்திருந்தன. ஓட்டத்தில் திடீரென்று திரும்ப வேண்டிய விளையாட்டை ஆடுகிறவருக்கு வைத்தியர் வேறு யோசனை சொல்லலாம். எந்த வழியில் போனாலும் நடை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

இனி, ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. மேலே சொன்ன அளவுகளை எடுத்தவர்கள் உடம்பெல்லாம் ஒளிப்புள்ளி ஒட்டி, பல கமெராக்களால் படம்பிடித்து, தரையில் பதித்த விசைத் தட்டுகளின் மேல் நடக்கவைத்தார்கள். உக்குவளையில் அது கிடையாது. இருப்பது என்ன? மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை பக்கத்தில். கண்டி தேசிய வைத்தியசாலையும், பிசியோதெரபியைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் ஒரு பஸ் பயணத் தூரத்தில். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு, கிளினிக் நடைக்கூடமும் குட்டை. வைத்தியர் பார்க்கிறார் என்று தெரிந்து ஐந்தாறு அடி கவனமாக நடக்கிறவரின் குறை வெளியே தெரிவதில்லை. வேகமாக நடக்கும்போதும், பேசிக்கொண்டு தன்னை மறந்து நடக்கும்போதும், இறங்கும்போதும்தான் அது வெளிப்படும். இந்த மூன்றும் ஊரில்தான் நடக்கின்றன. அதனால் கிளினிக்குக்கு வெளியே சேகரிக்கும் தகவல் இரண்டாந்தரமானது என்று நான் நினைக்கவில்லை. சில விடயங்களில் அதுவே மேலானது.

சேகரிப்பதும் கடினமில்லை. முதலில் முழங்கால் முழுதாக நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமிராத காலால் சீரான அடி வைக்க முடியாது. கட்டிலின் ஓரத்தில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி வெளியே தொங்கும்படி குப்புறப் படுக்கச் சொல்லி இரண்டு குதிகளின் உயரத்தையும் ஒப்பிடலாம். ஒரு சென்டிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பாகை நிமிர்வுக் குறைவு. அடுத்தது வீக்கம். காலை நீட்டி வைத்து, முழங்கால் சிரட்டையின் உட்புறப் பள்ளத்தைக் கையால் கீழிருந்து மேலாக வழித்துவிட்டு, வெளிப்புறத்தை மேலிருந்து கீழாக வழித்தால், உள்ளே நீர் இருக்குமானால் உட்புறப் பள்ளம் மெல்லத் திரும்பப் புடைத்துக் காட்டும். பயிற்சிக்கு முன்னும் மறுநாள் காலையிலும் இதைப் பார்த்தால், முந்திய நாள் பயிற்சி மூட்டுக்குத் தாங்கியதா என்று தெரிந்துவிடும். தையற்காரரின் அளவுநாடாவால் சிரட்டையின் மேல் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீற்றர் மேலே இரண்டு தொடைகளின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எடுத்து எழுதி வைக்கலாம். எடை பார்க்கும் தராசு இரண்டு கிடைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்துக் கதிரையிலிருந்து எழும்பச் சொல்லுங்கள். தாம் சமமாகத்தான் ஊன்றுகிறோம் என்று சத்தியம் செய்கிறவர்கூட நல்ல காலில் பல கிலோ அதிகமாகச் சாய்ந்திருப்பதை முள் காட்டிவிடும்.

பிறகு தொலைபேசி. பாடசாலை மைதானத்தின் சமமான பகுதியில், முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் வைத்து, மெதுவோட்டத்தில் படம்பிடித்தால் போதும். குட்டைக் காற்சட்டை அணிந்து, முதலில் வழமையான வேகத்திலும் பிறகு விரைவாகவும் போய்த் திரும்பி வரட்டும். குதி தரையில் பட்டதற்கு அடுத்த சில சட்டகங்களில் நிறுத்தி இரண்டு முழங்கால்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மடங்கிக் கொடுப்பதும் மற்றது கம்புபோல நிற்பதும் இப்போது கண்ணுக்குத் தெரியும். அடுத்து படிகளில் இறங்கச் சொல்ல வேண்டும். இறங்கும்போது பின்னே நிற்கும் காலின் முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் முழுவதையும் தாங்கி மெல்லக் கீழே விட வேண்டும். அது தயங்கினால் முன்னே போகும் கால் "தொப்" என்று விழும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டாலே எந்தக் கால் தாங்கவில்லை என்று தெரியும். ஊரின் சரிவுகள் அந்தப் பிள்ளைக்குத் தொல்லை மட்டுமல்ல. பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு, சாய்வு குறைந்த பாதையில் முழங்காலை மடித்துக் கொடுத்து இறங்கிப் பழகுவது, பணம் கொடுத்துப் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் கிடைப்பதற்குக் குறையாத பயிற்சி.

ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். காயப்பட்ட காலை நல்ல காலோடு ஒப்பிட்டு 90 விழுக்காடு வந்துவிட்டால் போதும் என்ற கணக்கு பரவலாக இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டுச் சமமாகிவிட்டது என்று சொல்வது ஏமாற்றம் தரும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததுமே நல்ல காலின் சுற்றளவையும், ஒற்றைக்காலில் கதிரையிலிருந்து எத்தனை முறை எழும்ப முடிகிறது என்பதையும் எழுதி வைத்தால் பிற்பாடு ஒப்பிட நேர்மையான அளவு ஒன்று இருக்கும். ஒற்றைக்கால் பாய்ச்சல் போன்ற தேர்வுகளை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, அவை பிசியோதெரபிஸ்ட்டின் கண் முன்னே நடக்க வேண்டியவை.

இவற்றையெல்லாம் செய்ய ஆள் யார்? பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரே பொருத்தமானவர் என்பது என் எண்ணம். பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள் பார்ப்பவர் அவர்தான், பிள்ளை விழுவதற்கு முன் எப்படி நடந்தாள் என்பது நினைவில் இருப்பவரும் அவர்தான். மாதம் ஒரு வீடியோ, ஒரு கொப்பியில் நான்கு அளவுகள். அவற்றோடு மூன்றாம் மாதக் கிளினிக்குக்கும் ஆறாம் மாதக் கிளினிக்குக்கும் போனால், "எப்ப விளையாடலாம்?" என்று கேட்கிற இடத்தில் வேறு கேள்விகளைக் கேட்கலாம்: முழங்கால் முழுதாக நிமிர்கிறதா, வீக்கம் வற்றிவிட்டதா, குதி பட்டதும் மடங்கிக் கொடுக்கிறதா, முன்தொடையின் பலம் சத்திரசிகிச்சைக்கு முந்திய நல்ல காலின் பலத்துக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது. வைத்தியருக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் அவை ஒரு நிமிடத்தில் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்.